இடைக்கால அரபு மருத்துவம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வாசகர் வட்டத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இடைக்கால மருத்துவர் இப்னு சீனாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அதற்கப்புறம் போனிலும் டீக்கடையிலும் ஆளுக்கு ஆள் அதே சந்தேகங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு ‘எல்லாவற்றையும் அரபிகள்தான் கண்டுபிடித்தார்கள்’ என்று வாட்ஸப் செய்தி வந்திருக்கிறது, மீதிப் பேருக்கு ‘கிரேக்கப் புத்தகத்தைக் காப்பியடித்தார்கள்’ என்று. இரண்டுமே சரியில்லை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

இஸ்லாமிய மருத்துவம்னா மந்திரிச்சுத் தண்ணி குடுக்கிறதா?

இல்லை. மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதும் எல்லா ஊரிலும் உண்டு, அங்கேயும் இருந்தது. நபிகள் நாயகம் உடல்நலம் பற்றிச் சொன்னவற்றைத் தொகுத்த ‘திப்புன் நபவி’ என்ற நூல் வகையும் தனியாக உண்டு. ஆனால் நாம் இங்கே பேசுவது கிரேக்க மருத்துவர்களான ஹிப்போகிரட்டீஸ், கேலன் வழியில் வந்து, மருத்துவமனைகளில் நடந்த தொழில்முறை மருத்துவத்தை.

இன்னொன்று, இதைச் செய்தவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் அல்ல. 765இல் கலீஃபா அல்-மன்சூர் வயிற்று நோய்க்காக பாக்தாதுக்கு அழைத்துவந்த ஜுர்ஜிஸ் இப்னு புக்திஷூ, ஜுந்திஷாபூரைச் சேர்ந்த கிறித்தவர். அவருடைய குடும்பம் தலைமுறை தலைமுறையாக அரண்மனை வைத்தியம் பார்த்தது. மொழிபெயர்ப்பாளர்களில் பெரியவரான ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் கிறித்தவர்தான். கெய்ரோவில் சுல்தான் குடும்பத்துக்கு வைத்தியம் பார்த்த மைமோனிடிஸ் யூதர். இவர்களை ஒன்று சேர்த்தது அரபு மொழி. அதனால்தான் நான் ‘அரபு மருத்துவம்’ என்று சொல்லிவிடுகிறேன். அதிலும் ஒரு சிக்கல், ஏனென்றால் இதில் பெரும் பெயர் பெற்ற மருத்துவர்களான அல்-ராஸியும் இப்னு சீனாவும் அரபிகள் இல்லை, பாரசீகப் பக்கத்து ஆட்கள். சரி, எந்தப் பெயர் வைத்தாலும் ஒரு ஓரம் இடிக்கத்தான் செய்யும்.

எந்தக் காலம், எந்த நாடு?

தோராயமாக 8ஆம் நூற்றாண்டிலிருந்து 14 வரை. பாக்தாத், இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ரேய், புகாரா, டமாஸ்கஸ், கெய்ரோ, ஸ்பெயினில் கோர்தோபா, கிரனாடா. ஒரு நாட்டு வரலாறு இல்லை.

சும்மா கிரேக்கப் புத்தகத்தை மொழிபெயர்த்ததுக்கா இவ்வளவு பெருமை?

மொழிபெயர்ப்பை ‘சும்மா’ என்று சொல்பவர்கள் ஒரு பக்கமாவது மொழிபெயர்த்துப் பார்க்க வேண்டும். ஹுனைன் (809–873) கேலனின் நூல்களில் எவை எவை சிரியாக் மொழிக்கும் அரபுக்கும் வந்திருக்கின்றன, யார் யார் செய்தது, எது சுமார் என்று 129 நூல்களுக்குக் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். ஒரே நூலுக்குப் பல கிரேக்கப் பிரதிகளைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டு, பிழை நீக்கிய பிறகுதான் மொழிபெயர்ப்பார். தர்க்கம் பற்றி கேலன் எழுதிய ஒரு நூலைத் தேடி மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்ஸாந்திரியா வரை அலைந்தார். கடைசியில் டமாஸ்கஸில் கிட்டத்தட்டப் பாதிதான் கிடைத்தது. நம் ஓலைச்சுவடிகளைத் தேடி அலைந்து பதிப்பித்தவர்களை அறிந்த நமக்கு இந்த வேலையின் அருமை புரியாமல் போகாது.

ஆனால் மொழிபெயர்ப்போடு நின்றுவிட்டார்களா என்றால் இல்லை. படித்ததோடு சண்டை போடவும் செய்தார்கள். அதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கீழே வருகிறது.

வாதம் பித்தம் கபம்தானே அவங்களுக்கும்?

பக்கத்தில் இருக்கிறீர்கள், ஆனால் அதே இல்லை. நமக்கு மூன்று, அவர்களுக்கு நான்கு: இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவை கூடினாலோ குறைந்தாலோ நோய். உணவுக்கும் மருந்துக்கும் சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி என்று குணம் பார்ப்பார்கள். ‘பப்பாளி சூடு, வெள்ளரி குளிர்ச்சி’ என்று சொல்லி வளர்ந்த நமக்கு அவர்களுடைய நூல்கள் அந்நியமாகத் தெரியாது. கோட்பாடாகப் பார்த்தால் நான்கு நீர்மக் கணக்கு தவறுதான், அதைப் பூசி மெழுக வேண்டியதில்லை.

நம்ம நாட்டு வைத்தியமும் அங்க போச்சாமே, உண்மையா?

உண்மை. கலீஃபா ஹாரூன் அல்-ரஷீத் காலத்தில் மன்கா என்ற இந்திய மருத்துவர் பாக்தாதில் இருந்ததையும், சுஸ்ருதரின் நூல் மொழிபெயர்க்கப்பட்டதையும் 10ஆம் நூற்றாண்டு பாக்தாத் நூற்பட்டியலாளர் இப்னு அல்-நதீம் குறித்திருக்கிறார். 850இல் அலீ இப்னு ஸஹ்ல் அல்-தபரி எழுதிய பெரிய மருத்துவ நூலில் இந்திய மருத்துவத்துக்கென்று தனிப் பகுதியே உண்டு. அல்-ராஸியும் சரகரைப் பெயர் சொல்லி மேற்கோள் காட்டுகிறார்.

இதற்கு ஒரு சுவையான சாட்சி இருக்கிறது. யுனானி மருந்துக் கடையில் ‘இத்ரிஃபல்’ என்று ஒரு லேகியம் கேட்டால் தருவார்கள். கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் சேர்ந்த நம் திரிபலாதான் அது, பெயர் அரபு வழியாகச் சுற்றி வந்திருக்கிறது. ‘அப்ப சித்தர் பாட்டும் போயிருக்குமே’ என்று உடனே கேட்பார்கள். அங்கே பெயர் சொல்லப்படுபவை சமஸ்கிருத நூல்கள், அதற்கு மேல் நாமாகச் சேர்த்துக்கொள்ளக் கூடாது.

அல்-ராஸி ஊர் முழுக்கக் கறித்துண்டு தொங்கவிட்டு ஆஸ்பத்திரிக்கு இடம் பார்த்தாராமே?

நல்ல கதை. பாக்தாதின் பல மூலைகளில் இறைச்சியைத் தொங்கவிட்டு, எங்கே மெதுவாக அழுகுகிறதோ அங்கே காற்று சுத்தம், அங்கேயே கட்டுங்கள் என்று சொன்னாராம். பிரச்சினை என்னவென்றால், கதை சொல்லும் அளுதி மருத்துவமனை திறந்தது 982இல், அல்-ராஸி இறந்தது 925 வாக்கில். 13ஆம் நூற்றாண்டில் மருத்துவர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த இப்னு அபீ உசைபிஆவே இந்தக் கால முரணைக் கவனித்திருக்கிறார். நாம் 800 வருடம் கழித்து, கொஞ்சமும் கவனிக்காமல் ஃபார்வர்டு செய்துகொண்டிருக்கிறோம்.

அப்ப அவர் உண்மையிலேயே என்னதான் செஞ்சார்?

முதலில், பெரியம்மையையும் தட்டம்மையையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டி ஒரு சிறு நூல் எழுதினார். முத்து வெளியே வருவதற்கு முன்பே எதை வைத்துச் சந்தேகிப்பது என்று சொல்கிறார்: காய்ச்சலோடு முதுகுவலி, மூக்கில் அரிப்பு, தூக்கத்தில் திடுக்கிடல். முதுகுவலி பெரியம்மையில்தான் அதிகம், தட்டம்மையில் குமட்டலும் தவிப்பும் அதிகம் என்று அருகருகே வைத்து எழுதுகிறார். காரணம் சொல்லும் இடத்தில் சறுக்கிவிடுகிறார், திராட்சைச் சாறு புளித்துப் பொங்குவது போல இரத்தம் பொங்குவதால் வருவதாகச் சொல்கிறார். கண்ணால் பார்த்தது சரி, விளக்கம் தப்பு. இந்த மருத்துவர்கள் பலரிடமும் இதே கதைதான்.

இரண்டாவது, கேலனைப் பற்றிய சந்தேகங்கள் என்றே ஒரு நூல் எழுதினார். தனக்கு எல்லாம் கற்றுக்கொடுத்தவரை எதிர்ப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் மருத்துவத்தில் தலைவருக்குத் தலையாட்டிக்கொண்டிருக்க முடியாது என்கிற தொனியில் தொடங்குகிறார். காய்ச்சல்களைப் பற்றி கேலன் சொன்னதை பாக்தாத், ரேய் மருத்துவமனைகளில் தான் பார்த்த நோயாளிகளோடு ஒப்பிட்டு, சொன்னபடி போனவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேர் அப்படிப் போகவில்லை என்கிறார். குறிப்பேட்டை வைத்துக்கொண்டு குருவோடு வாதாடுகிறார்!

கண்ட்ரோல் குரூப் வெச்சு ஆராய்ச்சி பண்ணினது அவர்தான்னு படிச்சேன். கொஞ்சம் ஓவரா இல்லையா?

கொஞ்சம் ஓவர்தான், ஆனால் கட்டுக்கதை இல்லை. அவர் எழுதிவைத்த குறிப்புகளை அவர் இறந்த பிறகு தொகுத்ததுதான் ‘அல்-ஹாவி’ என்ற மிகப் பெரிய நூல். அதில் மூளைக் காய்ச்சல் மாதிரியான ஒரு நோயைப் பற்றிப் பேசும்போது, ஒரு கூட்டத்துக்கு இரத்தம் எடுத்தேன், இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டேன், எடுத்தவர்கள் பிழைத்தார்கள், விட்டவர்களுக்கு நோய் வந்தது என்கிறார். எத்தனை பேர், எப்படிப் பிரித்தார் என்று எதுவும் இல்லை. இன்றைய மருத்துவ இதழ் எதுவும் இதை ஏற்காது.

இதில் வேடிக்கை, அவர் எடுத்த முடிவு தப்பு. அந்த நோய்க்கு இரத்தம் எடுப்பதால் பலன் இல்லை என்பதுதான் இன்றைய நிலை. ஆனால் ‘செய்யாமல் விட்டால் என்ன ஆகும்’ என்று பார்க்க வேண்டும் என்ற யோசனை வந்திருக்கிறது பாருங்கள், அது பெரிய விஷயம். விட்டவர்களின் கதி என்ன என்று கேட்டு என் மனைவி கோபப்பட்டாள். அந்தக் கேள்வியும் நியாயமானதுதான்.

ஆஸ்பத்திரி இலவசமா? பணம் எங்கிருந்து வந்துச்சு?

ஆமாம், இலவசம். பணம் வக்ஃபிலிருந்து, அதாவது அறக்கொடையாக எழுதி வைத்த சொத்திலிருந்து வந்தது. கடை, குளியல் விடுதி, நிலம் இவற்றின் வாடகையை எழுதி வைத்துவிடுவார்கள், அதில் மருத்துவர் சம்பளம், மருந்து, சாப்பாடு எல்லாம் நடக்கும். நம் கோயில்களுக்கு நிலம் எழுதி வைத்த மாதிரிதான். டமாஸ்கஸில் நூரி மருத்துவமனை 1154இல் வந்தது. கலாவூன் என்ற தளபதி அங்கே சிகிச்சை பெற்றுக் குணமாகி, நான் சுல்தான் ஆனால் இதே மாதிரி ஒன்று கட்டுவேன் என்று நேர்ந்துகொண்டாராம். ஆனார், 1284இல் கெய்ரோவில் கட்டியும் விட்டார். காய்ச்சல், கண், வயிற்றுப்போக்கு, அறுவை என்று தனித்தனிப் பகுதி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனி. அந்த வளாகத்தில் பிற்காலத்தில் கண் மருத்துவமனை ஒன்று இயங்கிவந்திருக்கிறது.

எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இப்படி இருந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வக்ஃபு வருமானத்தை யாராவது சுருட்டினால் மருத்துவமனையும் படுத்துவிடும். வசதியானவர்கள் பெரும்பாலும் வீட்டுக்கே வைத்தியரை வரவழைத்துக்கொண்டார்கள்.

டாக்டர்களுக்குப் பரீட்சை வெச்சாங்கன்னு சொல்றாங்களே?

931இல், பாக்தாதில். ஒரு வைத்தியரின் தவறால் நோயாளி இறந்துபோன செய்தி கலீஃபா அல்-முக்ததிருக்குப் போனது. உடனே, தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித் தேர்வு செய்து சான்று தராமல் யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உத்தரவு. 860க்கும் மேற்பட்டவர்கள் வந்து நின்றார்களாம். ஏற்கெனவே பெயர் பெற்றவர்களுக்கும் அரண்மனை ஊழியர்களுக்கும் தேர்வு கிடையாது. அந்த வழக்கம் எங்கும் மாறாது போல.

அதில் ஒரு கதை உண்டு. நன்றாக உடுத்திய, கம்பீரமான முதியவர் ஒருவர் ஸினானிடம் வந்தார். ஏதோ பெரிய மனிதர் என்று மரியாதையாக உட்கார வைத்து, யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால், பொற்காசுப் பொட்டலத்தை எடுத்து முன்னால் வைத்து, ‘எனக்கு எழுதப் படிக்கவே தெரியாது, குடும்பம் இருக்கிறது, பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள்’ என்றாராம். ஸினான் சிரித்துவிட்டு, தெரியாத நோயைத் தொடக்கூடாது, இரத்தம் எடுப்பதோ பேதி மருந்தோ கூடாது என்று நிபந்தனை போட்டு விட்டுவிட்டார். ‘நான் சிகஞ்சபீனும் குலாப் பாகும் தவிர எதையும் கொடுத்ததே இல்லை’ என்றாராம் கிழவர், இரண்டுமே வெறும் இனிப்புப் பாகுகள். மறுநாள் ஒரு இளைஞன் வந்தான். யாரிடம் கற்றாய்? அப்பாவிடம். அப்பா யார்? நேற்று வந்தாரே, அவர்தான். சரி, அதே நிபந்தனை, போய் வா. இந்தக் கதை அப்படியே நடந்ததோ இல்லையோ, உத்தரவுக்கும் நடைமுறைக்கும் இடையில் எவ்வளவு தூரம் இருந்தது என்று அந்தக் காலத்து மக்களே சிரித்துக்கொண்டு சொன்னது தெரிகிறது.

பொம்பளை டாக்டர்கள் இருந்தாங்களா?

மருத்துவச்சிகள் எங்கும் இருந்தார்கள், அறுவை நூல்களே பல இடங்களில் ‘மருத்துவச்சியை இப்படிச் செய்யச் சொல்’ என்றுதான் எழுதுகின்றன. பெயர் பெற்ற குடும்பத்துப் பெண்களும் உண்டு. ஸ்பெயினின் இப்னு ஸுஹ்ர் மருத்துவக் குடும்பத்தில் அபூ பக்ர் என்ற மருத்துவரின் சகோதரியும் அவளுடைய மகளும் ஆட்சியாளர் வீட்டுப் பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார்கள். அவர்கள் எழுதிய நூல் எதுவும் நம் கையில் இல்லை.

இப்னு சீனாதான் எல்லாரையும் விடப் பெரியவரா?

புகழில் ஆமாம். புகாரா பக்கத்தில் 980இல் பிறந்து, பதினேழு வயதுக்குள் சுல்தானுக்கு வைத்தியம் பார்த்து, அதற்குப் பரிசாக அரண்மனை நூலகத்தில் நுழைய அனுமதி பெற்றவர். மருத்துவம் ஒன்றும் கடினமான கலை இல்லை என்று தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார். நம் நீட் மாணவர்கள் படித்தால் அடிக்க வருவார்கள். அவருடைய ‘கானூன்’ ஐந்து பாகம்: பொது விதிகள், தனி மருந்துகள், தலை முதல் கால் வரை நோய்கள், உடல் முழுதும் பரவும் நோய்கள், கூட்டு மருந்துகள். 12ஆம் நூற்றாண்டில் தொலேதோவில் ஜெரார்ட் என்பவர் லத்தீனில் கொண்டுவந்தார், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் 17ஆம் நூற்றாண்டு வரை பாடமாக இருந்தது.

என் கட்சி அல்-ராஸி. கானூன் அழகாக அடுக்கிய அலமாரி, எதைக் கேட்டாலும் சட்டென்று கிடைக்கும், அதனால்தான் பாடநூலானது. ஆனால் நோயாளியின் முனகல் கேட்பது அல்-ராஸியின் குறிப்புகளில்தான். இப்னு சீனா 1037இல் ஹமதானில், தனக்கு வந்த வயிற்று நோய்க்குத் தானே வைத்தியம் செய்துகொண்டு இறந்துபோனார்.

மயக்க மருந்து இல்லாம எப்படி ஆபரேஷன் பண்ணாங்க?

ரொம்பக் குறைவாகவும் வேகமாகவும். அபினும் வேறு சில மயக்கும் மூலிகைகளும் வலிக்குத் தெரிந்திருந்தன, ஆனால் இன்றைய மயக்க மருந்து மாதிரி எதுவும் இல்லை. கோர்தோபா அருகே வாழ்ந்த அல்-ஸஹ்ராவி 30 பகுதிகள் கொண்ட ஒரு மருத்துவ நூல் எழுதினார், கடைசிப் பகுதி முழுக்க அறுவை. சூடு போடுவது, கீறுவது, எலும்பு கட்டுவது என்று மூன்றாகப் பிரித்து, ஏறக்குறைய 200 கருவிகளைப் படம் வரைந்து காட்டியிருக்கிறார். விலங்குக் குடலில் திரித்த நூலால் தைப்பதும் அதில் உண்டு. உடற்கூறு தெரியாமல் கத்தி எடுத்தவன் ஆளைக் கொல்வான் என்று, தான் நேரில் பார்த்த சம்பவங்களைச் சொல்லி எச்சரிக்கிறார்.

கண்புரைக்கு ஊசியால் புரையைக் கீழே தள்ளுவது பழைய முறை, நம் சுஸ்ருதரிடமும் உண்டு. மோசூலைச் சேர்ந்த அம்மார் என்ற கண் வைத்தியர் 1000ஆம் ஆண்டு வாக்கில் குழல் ஊசியால் புரையை உறிஞ்சி எடுத்ததாக எழுதியிருக்கிறார். தொற்று பற்றி எதுவும் தெரியாத காலம், எத்தனை கண் தப்பியிருக்கும் என்பது வேறு.

உடம்பை அறுத்துப் பார்க்கவே இல்லைன்னா இரத்த ஓட்டத்தை எப்படிக் கண்டுபிடிச்சார்?

இது கெய்ரோவில் வைத்தியம் பார்த்த இப்னு அல்-நஃபீஸ் பற்றி. இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு நடுச் சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாக இரத்தம் போகிறது என்று கேலன் சொன்னார், இப்னு சீனாவும் ஏற்றுக்கொண்டார். 1242இல் கானூனின் உடற்கூறுப் பகுதிக்கு உரை எழுதிய இப்னு அல்-நஃபீஸ், அந்தச் சுவர் கெட்டியானது, துளையே கிடையாது, இரத்தம் நுரையீரலுக்குப் போய்க் காற்றோடு கலந்துதான் இடப்பக்கம் வந்தாக வேண்டும் என்றார். மார்க்கச் சட்டமும் தன் இரக்க குணமும் தடுப்பதால் அறுத்துப் பார்ப்பதில்லை என்று அவரே சொல்கிறார். உண்மையிலேயே பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு அப்படி எழுதினாரா என்று இன்றும் சண்டை நடக்கிறது.

எலும்பில் இந்தத் தயக்கம் இல்லை. 1200 வாக்கில் எகிப்தில் கொடும் பஞ்சம் வந்து பிணங்கள் குவிந்தபோது, அப்துல் லத்தீஃப் அல்-பாக்தாதி ஆயிரக்கணக்கான எலும்புக்கூடுகளைப் பார்த்து, கீழ்த்தாடை ஒரே எலும்புதான், கேலன் சொன்ன மாதிரி இரண்டு இல்லை என்று எழுதினார். கேலனை விடக் கண்ணை நம்புவது மேல் என்பது அவர் நிலை. அல்-ராஸியின் வழிதான்.

அப்ப ஹார்வி இவர்கிட்ட இருந்து சுட்டுட்டாரா?

இல்லை. இப்னு அல்-நஃபீஸ் சொன்னது இதயத்துக்கும் நுரையீரலுக்கும் இடையிலான சிறு சுற்று. ஆங்கிலேய மருத்துவர் ஹார்வி 1628இல் காட்டியது உடல் முழுவதுக்குமான பெரிய சுற்று, அளந்து, சோதித்துக் காட்டியது. சிறு சுற்றை ஐரோப்பாவில் செர்வேட்டஸ் 1553இலும் கொலம்போ 1559இலும் எழுதினார்கள். அவர்களுக்கு இது கெய்ரோவிலிருந்து போனதற்கு நேரடிச் சான்று இல்லை. இப்னு அல்-நஃபீஸின் இந்தப் பகுதியே 1924இல்தான், ஜெர்மனியில் படித்த எகிப்திய மாணவர் அல்-தத்தாவி பெர்லின் நூலகச் சுவடியில் பார்த்துச் சொன்ன பிறகு உலகத்துக்குத் தெரிந்தது.

மங்கோலியர் பாக்தாதைக் கொளுத்தினதோட எல்லாம் முடிஞ்சதா?

அது 1258. மேலே சொன்ன கலாவூன் மருத்துவமனை 1284, இப்னு அல்-நஃபீஸ் இறந்தது 1288. ஆக அதோடு முடியவில்லை. 14ஆம் நூற்றாண்டுக் கொள்ளைநோயின்போது கிரனாடாவில் இப்னு அல்-கதீப், நோயாளியைத் தொட்டவருக்கும் அவர் துணியைப் பயன்படுத்தியவருக்கும் நோய் வருகிறது, ஒதுங்கியிருந்தவருக்கு வரவில்லை என்று கண்டதை வைத்து வாதாடினார். தொற்று கிடையாது என்று பொருள் கொள்ளப்பட்ட நபிமொழியை அதற்கேற்பத்தான் விளக்க வேண்டும் என்றார். இதற்காகத்தான் அவரைக் கொன்றார்கள் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. 1374இல் சிறையில் கொல்லப்பட்டது உண்மை, ஆனால் அதற்குப் பின்னால் அரசியல் பகையும் வேறு குற்றச்சாட்டுகளும் இருந்தன.

யுனானி இதேதானா? ஹிஜாமா பண்ணிக்கலாமா?

யுனானி என்றால் ‘கிரேக்கத்தைச் சேர்ந்தது’ என்று பொருள், நாம் யவனர் என்கிறோமே, அதே வேர். கேலன், இப்னு சீனா வழி இந்தியா வந்து இங்கேயே வளர்ந்தது. சென்னை அரும்பாக்கத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. ஹிஜாமா, அதாவது குவளை வைத்து இரத்தம் எடுப்பது, இஸ்லாத்துக்கு முன்பே எகிப்திலும் கிரேக்கத்திலும் இருந்தது. செய்துகொள்ளலாமா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் வரலாறு படிக்கிறவன். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருப்பவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் போக வேண்டாம்.

எழுதப் படிக்கத் தெரியாத கிழவர் கொடுத்த சிகஞ்சபீனை வேண்டுமானால் வீட்டிலேயே செய்யலாம். தேனையோ சர்க்கரையையோ வினிகரோடு காய்ச்சிய பாகுதான் அது. ஈரானில் இன்றும் வெயில் காலத்தில் புதினா போட்டு, தண்ணீர் கலந்து, வெள்ளரி துருவிக் குடிக்கிறார்கள். நான் செய்து பார்த்தேன், முதல் தடவை வினிகர் கூடிப்போய் யாரும் குடிக்கவில்லை.